இதயம் நின்றால் முதலில் என்ன செய்வது?

உங்கள் கையை இறுக மூடிப் பாருங்கள். ஏறக்குறைய அந்த அளவுதான் உங்கள் இதயம். அது நெஞ்சின் நடுவில், கொஞ்சம் இடப்பக்கமாகச் சாய்ந்து இருக்கிறது.

அந்தச் சின்ன இதயம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 70 முறை துடிக்கிறது. ஒரு நாளைக்கு ஒரு லட்சம் முறை. நாம் சும்மா உட்கார்ந்திருக்கும்போது கூட நிமிடத்துக்கு 5 லிட்டர் ரத்தத்தை உடம்பு முழுவதும் அனுப்புகிறது. ரத்தம்தான் மூளைக்குப் பிராணவாயுவைக் கொண்டு போகிறது. கை, கால் கொஞ்ச நேரம் ரத்தம் இல்லாமல் தாங்கும். மூளை தாங்காது.

சிலருக்கு இதயம் திடீரென்று நின்றுவிடுகிறது. நல்லபடியாகப் பேசிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்து விழுவார். சில விநாடிகளில் நினைவு போய்விடும். 4 நிமிடம் தாண்டினால் மூளை கெட ஆரம்பிக்கும். 10 நிமிடம் வரை யாரும் ஒன்றும் செய்யாவிட்டால் அவர் பிழைப்பது மிக மிக அரிது.

4 நிமிடத்தில் ஆம்புலன்ஸ் வருமா? பெரிய நகரத்திலேயே வருவது கடினம். கிராமத்தில் கேட்கவே வேண்டாம். அப்படியானால் அந்த 4 நிமிடம் யார் கையில் இருக்கிறது? பக்கத்தில் நிற்பவர் கையில்.

கூட்டம் என்ன செய்கிறது?

சந்தையில் ஒருவர் விழுகிறார் என்று வைத்துக்கொள்வோம். உடனே கூட்டம் கூடும். ஒருவர் சோடா வாங்க ஓடுவார். ஒருவர் முகத்தில் தண்ணீர் தெளிப்பார். ஒருவர் மூக்கில் வெங்காயத்தைப் பிடிப்பார். கையில் சாவிக்கொத்தைத் திணிப்பவரும் உண்டு. இரண்டு பேர் உள்ளங்காலைத் தேய்ப்பார்கள். நான்கு பேர் ஆட்டோவைக் கூப்பிடுவார்கள். எல்லாருக்கும் நல்ல மனம்தான். ஆனால் இதில் எதுவும் ரத்தத்தை ஒரு விரல்கடை தூரம் கூட நகர்த்தாது. நிமிடங்கள் மட்டும் ஓடிவிடும்.

நின்றுபோன இதயத்துக்குப் பதிலாக, வெளியிலிருந்து யாராவது ரத்தத்தைத் தள்ள வேண்டும். நெஞ்சை அழுத்தி அழுத்தி விட்டால் ரத்தம் நகரும். இந்த முதலுதவிக்கு ஆங்கிலத்தில் சி.பி.ஆர். என்று பெயர். தமிழில் இதய நுரையீரல் மீட்பு என்கிறார்கள். பெயர் மறந்தாலும் பரவாயில்லை. வேலை மறக்கக் கூடாது.

இந்த முறை மிகப் பழையது அல்ல. முன்பெல்லாம் இதயம் நின்றால் டாக்டர்கள் நெஞ்சைக் கிழித்து, இதயத்தைக் கையில் பிடித்துப் பிசைவார்கள். அதை ஆஸ்பத்திரியில்தான் செய்ய முடியும். அமெரிக்காவில் பால்டிமோர் நகரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் என்ற மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கே நாய்களை வைத்து ஓர் ஆராய்ச்சி நடந்தது. நின்ற இதயத்தை மின்சாரத்தால் ஓட வைக்க முடியுமா என்று பார்த்தார்கள். அதற்காக ஒரு கனமான மின்தகட்டை நாயின் நெஞ்சில் வைத்து அழுத்தினார்கள். அழுத்தியபோதே நாயின் ரத்த அழுத்தம் கொஞ்சம் ஏறியது. மின்சாரம் இன்னும் பாயவே இல்லை! இதைக் கவனித்தவர் கை நிக்கர்பாக்கர் என்ற இளைஞர். அவர் டாக்டர் அல்ல, பொறியியல் படித்தவர். அவரும், கோவென்ஹோவன் என்ற பொறியியல் பேராசிரியரும், ஜூட் என்ற டாக்டரும் சேர்ந்து 1960இல் இந்த முறையை உலகுக்குச் சொன்னார்கள். கத்தி வேண்டாம், மருந்து வேண்டாம், ஆஸ்பத்திரிக் கட்டடமும் வேண்டாம். இரண்டு கை இருந்தால் தொடங்கிவிடலாம்.

தலையணையில் ஒரு பாடம்

ஓர் ஊரில் எழுத்தறிவு மையம். மாலை நேரம். படிக்க வந்தவர்கள் பாயில் உட்கார்ந்திருக்கிறார்கள். அன்று துணை சுகாதார நிலையத்து நர்ஸ் வந்திருந்தார். ஒரு தலையணையைத் தரையில் போட்டார்.

“இதுதான் இப்ப விழுந்து கிடக்கிற ஆள். முதல்ல என்ன செய்வீங்க?” என்று கேட்டார்.

“தண்ணி குடுப்போம்” என்றார் ஒரு பாட்டி.

“நினைவு இல்லாதவங்களுக்குத் தண்ணி ஊத்தினா எங்க போகும் பாட்டி? வயித்துக்குப் போகாது. மூச்சுக் குழாய்ல இறங்கிடும். அதனால தண்ணி, சோடா, காப்பி ஒண்ணும் வேண்டாம்.”

“அப்ப முதல்ல என்னதான் செய்யணும் நர்சம்மா?”

“முதல்ல சுத்தி ஒரு பார்வை பாக்கணும். அவர் கரண்டு அடிச்சு விழுந்திருந்தா, தொட்ட உங்களையும் அடிக்கும். மெயின் சுவிட்சை அணைச்சிட்டுத்தான் தொடணும். நடு ரோட்டுல கிடந்தா, வர்ற வண்டியை நிறுத்த ஒரு ஆளை நிறுத்தணும். நீங்களும் விழுந்துட்டா யார் காப்பாத்துவா?”

பிறகு நர்ஸ் தலையணையின் இரண்டு பக்கமும் தட்டினார். “தோளை நல்லாத் தட்டுங்க. ‘ஐயா, ஐயா’ன்னு சத்தமாக் கூப்பிடுங்க. கண்ணைத் திறந்தா, முனகினா, கையை ஆட்டினா, அது வேற நோய். நெஞ்சை அழுத்த வேண்டாம். பதிலே இல்லைன்னா, மூச்சைப் பாருங்க. நெஞ்சு ஏறி இறங்குதா? 10 விநாடிக்கு மேல பாக்காதீங்க.”

“நாடி பிடிச்சுப் பாக்க வேண்டாமா?” என்றார் பால்காரர்.

“வேண்டாம். அந்தப் பதட்டத்துல உங்க விரல்ல துடிக்கிற உங்க நாடியே தெரியும். பழகினவங்களே ஏமாந்து போவாங்க. பதில் இல்லை, சரியான மூச்சு இல்லை. இது ரெண்டும் போதும்.”

‘சரியான மூச்சு’ என்ற சொல்லை இங்கே கொஞ்சம் நின்று படிக்க வேண்டும். பலர் ஏமாறுகிற இடம் இது. இதயம் நின்ற பிறகும் சிலர் முதல் சில நிமிடம் வாயைத் திறந்து திறந்து இழுப்பார்கள். கரையில் போட்ட மீனைப் போல இருக்கும். குறட்டை போலவும் கேட்கலாம். ஓர் இழுப்புக்கும் அடுத்த இழுப்புக்கும் நடுவே நீண்ட இடைவெளி இருக்கும். “மூச்சு இருக்கு, உயிர் இருக்கு” என்று கூட்டம் நிம்மதி அடைந்துவிடும். அது மூச்சே அல்ல. அதனால் பிராணவாயு போதுமான அளவு உள்ளே போகாது. அந்த இழுப்பைப் பார்த்தாலும் நெஞ்சை அழுத்தத் தொடங்க வேண்டும்.

இதயம் நின்றவுடன் சிலருக்குக் கை, கால் சில விநாடி வெட்டி இழுக்கும். வலிப்பு என்று நினைத்துச் சாவியைத் தேடுவது இதனால்தான். வெட்டு நின்ற உடனே மூச்சைப் பாருங்கள். மூச்சு இல்லை என்றால் அழுத்துங்கள்.

போனும் கையும்

“அடுத்து போன்” என்றார் நர்ஸ். “112 இந்தியா முழுக்க எங்கயும் போகும். பல மாநிலத்துல 108 ஆம்புலன்ஸ் இருக்கு. கூட்டத்தைப் பாத்து ‘யாராச்சும் போன் பண்ணுங்க’ன்னு சொல்லாதீங்க. ஒவ்வொருத்தரும் அடுத்தவர் பண்ணுவார்னு நிப்பாங்க. ஒரு ஆளைக் காட்டிச் சொல்லுங்க. ‘நீலச் சட்டைத் தம்பி, நீ 112க்குப் போன் போடு. முடிச்சிட்டு என்கிட்ட வந்து சொல்லு.’”

“நான் தனியா இருந்தா?”

“போன் போட்டு, ஸ்பீக்கர்ல வச்சு, தரையில வச்சிடுங்க. வாய் பேசட்டும், கை அழுத்தட்டும்.”

நர்ஸ் தலையணைக்குப் பக்கத்தில் மண்டியிட்டார். விழுந்தவர் கட்டிலில் இருந்தால் தரையில் இறக்க வேண்டும். மெத்தையில் அழுத்தினால் மெத்தைதான் அமுங்கும், நெஞ்சு அமுங்காது. இரண்டு முலைக்காம்புக்கும் நடுவே, நெஞ்சின் நடு எலும்பு மேல் ஒரு கையை வைத்தார். விரல்களால் அழுத்தவில்லை. மணிக்கட்டை ஒட்டி உள்ளங்கையில் தடிப்பான பகுதி இருக்கிறதே, அதை ஊன்றினார். அதன்மேல் மற்ற கையை வைத்து விரல்களைக் கோத்துக்கொண்டார். முழங்கையை மடக்கவில்லை. தோள் நேராகக் கைக்கு மேலே இருந்தது. உடம்பின் பாரத்தை அப்படியே கீழே இறக்கினார்.

எவ்வளவு ஆழம்? பெரியவர்களுக்கு 5 சென்டிமீட்டர். உங்கள் மூன்று விரலைச் சேர்த்து வைத்தால் ஏறக்குறைய அந்த அகலம் வரும். 6 சென்டிமீட்டரைத் தாண்ட வேண்டாம். பயந்து பயந்து மெல்ல அமுக்குவதுதான் பெரும்பாலும் நடக்கிற தவறு.

எவ்வளவு வேகம்? நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை. கடிகாரத்தின் விநாடி முள்ளைப் பாருங்கள். முள் ஒரு தாவு தாவுவதற்குள் இரண்டு அழுத்து. அதுதான் 120. அதற்குக் கொஞ்சம் குறைந்தாலும் சரியே.

ஒவ்வொரு அழுத்துக்குப் பிறகும் கையின் பாரத்தை முழுதாக விட வேண்டும். நெஞ்சு பழையபடி மேலே வர வேண்டும். மேலே வரும்போதுதான் இதயத்துக்குள் ரத்தம் நிரம்பும். நிரம்பினால்தானே அடுத்த அழுத்தில் வெளியே போகும்?

ஏன் நிறுத்தக் கூடாது?

தெருவில் இருக்கும் பழைய அடிபம்பை நினைத்துப் பாருங்கள். முதல் நான்கைந்து அடிக்குத் தண்ணீர் வராது. வெறும் சத்தம்தான் வரும். விடாமல் அடித்தால் தண்ணீர் மேலே ஏறி ஊற்றும். நடுவில் கையை எடுத்தால் தண்ணீர் கீழே இறங்கிவிடும். மறுபடி முதலிலிருந்து அடிக்க வேண்டும்.

நெஞ்சை அழுத்துவதும் இப்படித்தான். பல அழுத்துகள் தொடர்ந்து விழுந்தால்தான் ரத்த அழுத்தம் ஏறும். கையை எடுத்தால் உடனே விழுந்துவிடும். “போன் வந்துச்சா?”, “ஆட்டோ வந்துச்சா?” என்று திரும்பிப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் மூளைக்குப் போகும் ரத்தம் நின்றுபோகிறது. நன்றாக அழுத்தினால் கூட இதயம் தானாகத் தள்ளும் ரத்தத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டுவது அரிது. அந்தக் கொஞ்சத்தையும் இழக்கலாமா?

ஆனால் இது களைப்பான வேலை. களை எடுப்பவருக்கும் மூட்டை தூக்குபவருக்கும் கூட இரண்டு நிமிடத்தில் மூச்சு வாங்கும். களைத்த கை தனக்குத் தெரியாமலே மேலோட்டமாக அழுத்தும். அதனால் 2 நிமிடத்துக்கு ஒருமுறை ஆளை மாற்ற வேண்டும். அடுத்த ஆள் எதிர்ப்பக்கம் மண்டியிட்டுத் தயாராக இருக்கட்டும். ஒருவர் கை எடுத்த உடனே அடுத்தவர் கை விழ வேண்டும். சும்மா நிற்கும் கூட்டத்துக்கு இதுதான் நல்ல வேலை.

“வாயோட வாய் வச்சு ஊதணும்னு சினிமாவுல காட்டுறாங்களே?” என்று பால்காரர் கேட்டார்.

“பயிற்சி எடுத்தவங்க 30 அழுத்துக்கு 2 தடவை ஊதுவாங்க. பயிற்சி இல்லைன்னா ஊத வேண்டாம். அழுத்துறதை மட்டும் செய்யுங்க. பேசிட்டிருந்த பெரியவர் திடீர்னு விழுந்தா, அவர் ரத்தத்துல சில நிமிஷத்துக்குப் பிராணவாயு மிச்சம் இருக்கும். அதை மூளைக்குத் தள்ளுறதுதான் அவசரம்.”

இந்தியாவில் மயக்க மருந்து டாக்டர்களின் சங்கம் 2017இல் பொதுமக்களுக்காக ஒரு வழிமுறையை வெளியிட்டது. அதுவும் இதையே சொல்கிறது. ஊதுவதை விட்டுவிட்டு அழுத்துவதை மட்டும் சாதாரண மக்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறது. அந்நியர் வாயில் வாய் வைக்கத் தயங்கி, கடைசியில் எதுவுமே செய்யாமல் நிற்பதை விட இது எவ்வளவோ மேல்.

நீரில் மூழ்கியவருக்கு வேறு கணக்கு

கிணற்றிலோ குளத்திலோ மூழ்கியவரின் கதை வேறு. அவருக்கு முதலில் நின்றது மூச்சு. பிறகுதான் இதயம் நின்றது. ரத்தத்தில் இருந்த பிராணவாயு ஏற்கெனவே தீர்ந்துவிட்டது. அதனால் அவருக்கு ஊதுவது மிக முக்கியம். தலையைப் பின்னால் சாய்த்து, தாடையை உயர்த்தி, மூக்கைப் பிடித்து, நெஞ்சு எழும்பும் அளவுக்கு ஊத வேண்டும். ஊதத் தெரிந்தவர்கள் இவருக்கு ஊதுவதில்தான் தொடங்குவார்கள். குழந்தைகளுக்கும் பெரும்பாலும் மூச்சு நின்றுதான் இதயம் நிற்கிறது. அதனால் அவர்களுக்கும் ஊதுவது தேவை. ஊதத் தெரியாவிட்டால் அழுத்தவாவது வேண்டும்.

தண்ணீரை வெளியே எடுக்கிறோம் என்று வயிற்றை அமுக்குவார்கள். தோளில் போட்டுச் சுற்றுவார்கள். குழந்தையைக் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிடுவார்கள். இதெல்லாம் செய்யவே கூடாது. வயிற்றை அமுக்கினால் வாந்தி வந்து மூச்சுக் குழாயில் போகும். நேரமும் போகும்.

குழந்தைக்கு நெஞ்சின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு ஆழம் அழுத்தினால் சரி. ஒரு கையே போதும். கைக்குழந்தை என்றால், நெஞ்சை இரண்டு கையாலும் சுற்றிப் பிடித்து இரண்டு கட்டை விரலால் அழுத்த வேண்டும். வேகம் பெரியவர்களுக்கு உள்ளதே.

மனசில் இருக்கும் பயம்

பாட்டி கொஞ்சம் தயங்கிக் கேட்டார். “விழுந்தது ஒரு பொம்பளையா இருந்தா, ஆம்பளை எப்படி நெஞ்சுல கை வைப்பான்? ஊரு என்ன பேசும்?”

மையத்தில் யாரும் பேசவில்லை. நர்ஸ்தான் பேசினார்.

“பாட்டி, உங்க பேத்தி ரோட்டுல விழுந்து கிடக்குறா. நாலு ஆம்பளைங்க சுத்தி நிக்கிறாங்க. தொடலாமா வேண்டாமான்னு யோசிச்சே 5 நிமிஷம் போயிடுது. உங்களுக்குச் சம்மதமா?”

பாட்டி தலையை ஆட்டினார். “வேண்டாம்மா. யாரா இருந்தாலும் தொடட்டும். பிள்ளை பிழைச்சாப் போதும்.”

“புடவை, சட்டை எதையும் கழட்ட வேண்டாம். துணி மேலேயே அழுத்தலாம். கை வைக்கிற இடம் நடு எலும்பு. மத்த பொம்பளைங்க நாலு பேர் முந்தானையை விரிச்சு மறைச்சு நிக்கட்டும். இன்னும் நல்லது, நீங்களே அழுத்தக் கத்துக்கிட்டீங்கன்னா.”

பல நாடுகளில் ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள். பொது இடத்தில் விழும் ஆண்களை விடப் பெண்களுக்கு இந்த உதவி குறைவாகவே கிடைக்கிறது. கூச்சம் நம் ஊரில் மட்டும் இல்லை.

“அழுத்தும்போது எலும்பு முறிஞ்சா?” இது இன்னொருவர் கேள்வி. முறியலாம். வயதானவர்களுக்கு ‘நறுக்’கென்று சத்தம் கூடக் கேட்கும். கை வைத்த இடம் சரிதானா என்று பார்த்துவிட்டு அழுத்துவதைத் தொடர வேண்டும். முறிந்த எலும்பு சில வாரத்தில் கூடிவிடும்.

போலீஸ், கோர்ட் என்ற பயமும் உண்டு. சாலை விபத்தில் உதவுபவர்களைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று 2016இல் உச்ச நீதிமன்றம் வழி செய்தது. 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்திலும் இதைச் சேர்த்தார்கள். சாலை விபத்தில் நல்ல மனதோடு உதவியவர், தன் பெயரைக் கூடச் சொல்ல வேண்டியதில்லை.

எதுவரை அழுத்துவது?

அவர் அசைந்தால், நன்றாக மூச்சு விட்டால் நிறுத்தலாம். ஆம்புலன்ஸ் ஆள் வந்து “நான் பார்க்கிறேன்” என்றால் விலகலாம். இல்லாவிட்டால் ஆளை மாற்றி மாற்றித் தொடர வேண்டும்.

ஆட்டோவில் உட்கார வைத்துக் கொண்டு ஓடாதீர்கள். உட்கார்ந்தவர் நெஞ்சை அழுத்த முடியாது. ஆம்புலன்ஸ் வரவே வராத ஊர்களும் இருக்கின்றன. அங்கே சிலர் வண்டி ஏற்பாடு செய்யட்டும், சிலர் அழுத்திக்கொண்டே இருக்கட்டும். வேன் கிடைத்தால் மல்லாக்கப் படுக்க வைத்து, போகும்போதும் அழுத்த வேண்டும்.

சில விமான நிலையங்களிலும் மெட்ரோ ரயில் நிலையங்களிலும் சுவரில் ஒரு சின்னப் பெட்டி இருக்கும். பெரும்பாலும் பச்சை நிறப் பலகை. அதில் வெள்ளை இதயமும் அதற்குள் ஒரு மின்னலும் வரைந்திருக்கும். அது இதயத்துக்கு மின்அதிர்ச்சி கொடுக்கும் கருவி. திறந்து இயக்கினால் அதுவே பேசி வழி சொல்லும். எங்கே ஒட்ட வேண்டும் என்று படமும் இருக்கும். ஓர் ஆளை அனுப்பி அதை எடுத்து வரச் சொல்லுங்கள். அது வரும்வரை கை நிற்கக் கூடாது.

இவ்வளவு செய்தும் பலர் பிழைப்பதில்லை. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பிழைப்பவர்களில் பலருக்கு அந்த வாய்ப்பைக் கொடுத்தது, முதல் சில நிமிடத்தில் விழுந்த ஒருவரின் கைதான்.

செய்து பாருங்கள்

ஒரு தலையணையைத் தரையில் போடுங்கள். கடிகாரத்தைப் பார்த்து, “ஒன்று, இரண்டு” என்று சத்தமாக எண்ணி 2 நிமிடம் அழுத்துங்கள். அடுத்தவர் கை மாறட்டும். இந்தப் பழக்கம் எண்ணவும் ஆள் மாறவும் உதவும். நெஞ்சின் ஆழம் கைக்குத் தெரிய வேண்டுமானால் பொம்மையில் பழக வேண்டும். செஞ்சிலுவைச் சங்கமும் செயின்ட் ஜான் ஆம்புலன்சும் முதலுதவிப் பயிற்சி தருகின்றன. பயிற்சி எப்போது என்று சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

ஆம்புலன்சுக்குப் போன் செய்தால் “எங்கே வர வேண்டும்?” என்பதுதான் முதல் கேள்வியாக வரும். பதட்டத்தில் சொந்தத் தெருவின் பெயர் கூட வாயில் வராது. எனவே இன்றே ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதுங்கள்: 112. அதன் கீழே ஊரின் பெயர், தெருவின் பெயர், வீட்டு எண். அதற்கும் கீழே பக்கத்தில் உள்ள அடையாளம்: கோயில், ரேஷன் கடை, தண்ணீர்த் தொட்டி, எதுவானாலும். கதவுக்குப் பக்கத்தில், பிள்ளைகளும் படிக்கும் உயரத்தில் ஒட்டுங்கள்.